பாசிட்டிவ் என்று வந்த ஒரு காகிதம்

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணி இருக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தப்பா மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். லேப் ரிப்போர்ட். தைராய்டு, ப்ரோலாக்டின், ஏ.எம்.எச். என்று வரிசையாக எண்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசி வரியில் மட்டும் ‘ஆன்ட்டிஸ்பெர்ம் ஆன்ட்டிபாடி’, அதாவது விந்தணுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், என்று போட்டு, எதிரே கொட்டை எழுத்தில் ‘பாசிட்டிவ்’. படத்துக்குக் கீழே, “அக்கா, இது என்னக்கா? நெட்ல படிச்சா பயமா இருக்கு. என் உடம்பே அவரோடதைக் கொல்லுதாம்” என்று எழுதியிருந்தாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இதே வரியை, இதே கொட்டை எழுத்தில், 2013-இல் நான் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். அந்த ஃபைல் இன்னும் பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

அன்று ராத்திரி அவளுக்கு எழுதிய பதில் நாலு வரிதான். ஆனால் சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்குவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்திருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அது நீண்ட காலம். முதல் வருஷம் “விசேஷம் ஏதும் உண்டா?” என்று சிரித்துக்கொண்டு கேட்டவர்கள், மூன்றாம் வருஷம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். வளைகாப்புகளுக்குப் போனால் என்னை எங்கே உட்கார வைப்பது என்று தடுமாறினார்கள். நானாகவே பந்தி பரிமாறப் போய்விடுவேன். ஸ்கேன், ஃபாலிக்குலர் ஸ்டடி, எச்.எஸ்.ஜி. எல்லாம் எடுத்தாயிற்று. முட்டை வளர்கிறது, குழாயில் அடைப்பில்லை, அவருடைய விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் நன்றாகவே இருந்தன. அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த டாக்டர், “இன்னும் ஒண்ணு பாத்துடலாம்” என்று என் கையிலிருந்து ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்துப் போனபோது ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, “உங்க உடம்பு உங்க ஹஸ்பெண்டோட விந்தணுவை எதிரியா நினைக்குதும்மா. உள்ள வர்றதை எல்லாம் கொன்னுடுது” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எளிமையாகப் புரிய வைக்க நினைத்தார். ஆனால் அந்த வாக்கியத்தை இத்தனை வருஷத்தில் நான் மறந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பத்துப் பொருத்தமும் பாத்துத்தானே பண்ணோம். மகேந்திரம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாரே. ரத்தம் ஒத்துக்குமான்னு பாக்காம விட்டுட்டோமே” என்றார். அத்தை என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அன்றும் அது கடிந்து பேசியதில்லை, ஆற்றாமைதான். இருந்தாலும் மறுநாளிலிருந்து வீட்டில் ஒன்று மாறிவிட்டது. அதுவரை குழந்தை இல்லை என்பது எங்கள் இருவருடைய கவலை. அதற்கப்புறம் அது என் உடம்பு அவருக்குச் செய்த காரியம் ஆகிவிட்டது. அவரும் அப்படி நினைக்கவில்லை என்றுதான் சொன்னார். நான் நினைத்தேன். ராத்திரி அவர் பக்கத்தில் வந்தால் என் உடம்பை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

சிகிச்சை என்று சொன்னது ஆணுறை. ஆறு மாதம் அதைப் பயன்படுத்த வேண்டும், விந்து படாமல் இருந்தால் ஆன்ட்டிபாடி தானாகக் குறையும், அதற்கப்புறம் முயற்சி செய்யலாம் என்றார்கள். கூடவே குறைந்த அளவில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. குழந்தைக்காகத் திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் வாங்கி வந்து வைத்திருந்தோம். அதே அலமாரியில் ஆணுறைப் பெட்டியும் இருந்தது. அந்த நெய்யைக் கணவன் மனைவி இரண்டு பேருமாக 48 நாள் சாப்பிடும்படி எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கோயிலில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கல்லணையும் கடைமடையும்

நாலாவது மாதம், ஸ்டீராய்டால் முகம் ஊதிப்போய், என் அம்மாவின் பிடிவாதத்தால் வேறொரு டாக்டரிடம் போனோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்தம்மாவுக்கு. ஃபைலை முதல் பக்கத்திலிருந்து ஒரு தாள் விடாமல் படித்தார். அந்தப் பதினைந்து நிமிஷமும் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர அறையில் ஒன்றுமில்லை. கடைசித் தாளைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடி, “இந்த ரத்தம் எங்கேருந்து எடுத்தாங்க?” என்று கேட்டார். கையைக் காட்டினேன். “விந்தணு கை வழியாவா போகுது?” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. “நீங்க எந்த ஊரு?” என்றார். ஒரத்தநாட்டுப் பக்கம் என்றேன். “அப்ப உனக்குச் சுலபமாப் புரியும். கல்லணையில தண்ணி தொறந்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டா, கடைமடையில வயல் நனைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? கடைமடைக்குப் போய்ப் பாத்தாத்தானே தெரியும்? ரத்தத்துல ஆன்ட்டிபாடி இருக்குன்னா ரத்தத்துல இருக்கு, அவ்வளவுதான். கர்ப்பப்பை வாயில இருக்கான்னு இது சொல்லாது. குழந்தை பெத்த பொண்ணுங்க ரத்தத்துலயும் இது இருந்திருக்கு.”

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னைத் திருப்பிப் போட்டது. “இந்த ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்திருந்தா உங்களுக்கு என்ன வைத்தியம் பண்ணியிருப்பாங்க?” யோசித்துப் பார்த்தோம். மாத்திரை கொடுத்து முட்டையை வளர்த்து, விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் விடும் ஐ.யு.ஐ. செய்வோம் என்று முன்பே பேசியிருந்தார்கள். “பாசிட்டிவ்னு வந்தா? கடைசியில அதேதான் பண்ணப் போறாங்க. நடுவுல ஒரு ஆறு மாசம் போச்சு, உன் முகம் போச்சு, நிம்மதி போச்சு. எது வந்தாலும் ஒரே வழிதான்னா அந்த டெஸ்ட்டை எதுக்கு எடுக்கணும்?”

“அப்ப காரணம் என்ன டாக்டர்?” என்று என் கணவர் கேட்டார். அவர் உடனே, கொஞ்சமும் தயங்காமல், “தெரியாது” என்றார். “நாலு தம்பதி வந்தா அதுல ஒரு தம்பதிக்கு எங்களால காரணம் சொல்ல முடியாது. நீங்க அந்த ஒண்ணு.”

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, கையிலிருந்த எதையோ யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. தவறான காரணமாக இருந்தாலும் அது ஒரு காரணம். அதைச் சொல்லி அழலாம், அதைத் தீர்க்க மாத்திரை விழுங்கலாம், யார் கேட்டாலும் பதில் என்று ஒன்று இருக்கிறது. ‘தெரியாது’ என்பதை அத்தையிடம் எப்படிப் போய்ச் சொல்வது? உண்மையில் சொன்னபோது அத்தை நம்பவில்லை. “அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, புது டெஸ்ட்டெல்லாம் தெரியாது” என்றார். காரணம் தெரியாமல் இருப்பதைவிட என் ரத்தத்தில் குற்றம் இருப்பது எல்லோருக்கும், எனக்கும்கூட, தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை

அப்புறம் வந்த வருஷங்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள், அதனால் படிப்பது கஷ்டமாக இல்லை. அத்தை நினைத்ததுபோல் இது புது டெஸ்ட்டே இல்லை. விந்தணுவை வேறொரு விலங்கின் உடம்பில் ஊசியால் செலுத்தினால் அதற்கு எதிராக ஆன்ட்டிபாடி உண்டாகும் என்பதை 1899-லேயே லாண்ட்ஸ்டெய்னரும் மெச்னிகாஃபும் தனித்தனியே காட்டிவிட்டார்கள். லாண்ட்ஸ்டெய்னர் என்றால் ஏ, பி, ஓ ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே ஆள்தான். 1932-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் பாஸ்கின் என்ற டாக்டர் இதைக் கருத்தடைக்காகப் பெண்களிடம் முயன்று பார்த்தார். கணவனின் விந்தணுவையே அவர்களுக்கு ஊசியாகப் போட்டார். படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1964-இல் அமெரிக்காவில் ஃப்ராங்க்ளின், டியூக்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காரணம் தெரியாமல் குழந்தையில்லாமல் இருந்த பெண்களில் பெரும்பாலானவர்களின் ரத்தநீர் விந்தணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது என்றார்கள். சில மாதம் ஆணுறை போட்டுப் பார்த்ததில் பலர் கர்ப்பமானார்கள் என்றும் எழுதினார்கள். எனக்குக் கொடுத்த ஆறு மாத வைத்தியத்தின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்தது சிறு எண்ணிக்கையில் இருந்த பெண்களை. அதே காலம் ஆணுறை போடாமல் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் கர்ப்பமாகியிருப்பார்கள் என்பதை அறிய வழியில்லை. பிற்பாடு, ரத்தநீரில் ஆன்ட்டிபாடியே இல்லாமல் வேறு பொருட்களாலும் விந்தணுக்கள் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியில், பலன் தரும் சிகிச்சை இருப்பதற்கு ஆதாரமில்லாததால் இந்த ஆன்ட்டிபாடிப் பரிசோதனையை எடுக்கச் சொல்லாதீர்கள் என்று நேரடியாகவே எழுதிவிட்டது. என் ரத்தத்தை எடுத்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து.

இதைப் படித்து, அப்படி ஒரு குறையே கிடையாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிறது. மிகச் சில பெண்களிடம் உண்மையாகவே இருக்கிறது. ஜப்பானில் இசோஜிமா என்ற டாக்டர் 1968-இல் ஒரு பரிசோதனையை உருவாக்கினார். விந்தணு ஒட்டுகிறதா என்று பார்க்காமல், அது நீந்துவதை ஆன்ட்டிபாடி நிறுத்திவிடுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. அதில் பாசிட்டிவ் வந்த பெண்களுக்கு, அதுவும் அளவு கூடுதலாக இருப்பவர்களுக்கு, இயல்பாகக் கருத்தரிப்பது மிகவும் கஷ்டம். கருப்பை வாயில் சுரக்கும் சளியில் ஆன்ட்டிபாடி இருந்தால், அதில் மாட்டிக்கொண்ட விந்தணு முன்னால் போக முடியாமல் இருந்த இடத்திலேயே உதறிக்கொண்டிருக்கும். 1970-களில் நெதர்லாந்து டாக்டர்கள் இதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த உதறலுக்கு ஆணும் காரணமாக இருக்கலாம். வாசக்டமி என்ற கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தங்கள் விந்தணுவுக்கு எதிராகத் தாங்களே ஆன்ட்டிபாடி உண்டாக்கிக்கொள்ளும் நிலை வருகிறது. அடிபட்டாலோ தொற்று வந்தாலோகூட வரலாம். விந்தணு உண்டாவது பருவ வயதில்தான். எது தன்னுடையது என்று உடம்பு குழந்தைப் பருவத்திலேயே கற்று முடித்துவிடுகிறது. அதனால் ஆணின் உடம்புக்கே விந்தணு அந்நியம்தான். விரைக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருப்பதால் அது தெரியாமல் காக்கப்படுகிறது. இத்தனைக்கும், என் ரத்தத்தை எடுத்த இடத்தில் என் கணவரின் விந்தணுவின் மேல் ஆன்ட்டிபாடி இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டாவது டாக்டர்தான் அதைப் பார்க்கும் எம்.ஏ.ஆர். டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை.

நான் படித்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. ‘எதிரி’ என்ற வார்த்தைக்கு நேர்மாறானது அது. ஒவ்வொரு முறையும் கோடிக்கணக்கில் அந்நிய உயிரணுக்கள் பெண்ணின் உடம்புக்குள் வருகின்றன. நம் கையில் ஒரு முள் குத்தினாலே சீழ் வைக்கிறது. இத்தனை கோடி அணுக்களுக்கு ஏன் எல்லாப் பெண்களும் ஆன்ட்டிபாடி உண்டாக்குவதில்லை? இதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. விந்தில் விந்தணு தனியாக வருவதில்லை. கூடவே வரும் நீரில் உடம்பின் எதிர்ப்பைத் தணிக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா, ப்ரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருட்கள் நிறைய இருக்கின்றன. வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் கருப்பை வாய்க்கு ஓடி வந்து மிச்சம் மீதியைச் சுத்தம் செய்கின்றன. ஆனால் அதோடு நிற்கிறது. சண்டையை அடக்கும் வகையைச் சேர்ந்த டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகுகின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சாரா ராபர்ட்சனின் குழு இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. விந்து வெறும் விதை மட்டுமில்லை, பாதி அப்பாவின் சாயலில் வரப்போகும் ஒரு பிள்ளையை ஏற்க அது தாயின் உடம்பைத் தயார்ப்படுத்துகிறது என்பது அவர்கள் கண்டது. குவாதலூப் தீவில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், கருத்தரிப்பதற்கு முன் கணவனோடு அதிக காலம் கூடி வாழ்ந்த பெண்களுக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு குறைவாக வந்திருக்கிறது. அப்படியானால் பெண்ணின் உடம்பு இயல்பாகச் செய்வது ஏற்றுக்கொள்வதைத்தான். நாளும் பழகப் பழக ஏற்றுக்கொள்வதை. என்னிடம் ஆறு மாதம் தள்ளி இரு என்றார்கள்.

எச்6-3சி4

இசோஜிமாவின் குழு 1980-களில் ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை எடுத்தது. அவர் குழந்தையில்லாதவர். விந்தணுவை அசையவிடாமல் நிறுத்தும் ஆன்ட்டிபாடி அவரிடம் இருந்தது. அந்த வெள்ளணுக்களிலிருந்து அதே ஆன்ட்டிபாடியை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து உண்டாக்க வழி செய்தார்கள். அதற்கு எச்6-3சி4 என்று பெயர். விந்தணுவின் மேலே போர்வைபோல் படிந்திருக்கும் சி.டி.52 என்ற பொருளின் சர்க்கரைப் பகுதியை அது பற்றிக்கொள்கிறது. அதே ஆன்ட்டிபாடியின் அமைப்பை வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் பாஸ்டனில் டெபோரா ஆண்டர்சனின் குழு ஒரு வகைப் புகையிலைச் செடியில் அதை விளைவித்தது. ஹார்மோன் இல்லாத கருத்தடையாக, மெல்லிய படலமாகச் செய்து பெண்கள் உள்ளே வைத்துக்கொள்ளும்படி ஆக்கினார்கள். முதற்கட்டச் சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. படலம் வைத்திருந்தபோது கருப்பை வாய்ச் சளியில் நீந்தும் விந்தணு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைக்கிறேன். என்னைப்போல் அவரும் ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டிருப்பார். அவரிடம் இருந்தது நிஜமான ஆன்ட்டிபாடி, கடைமடை வரை வந்த தண்ணீர். அவர் எதற்காக அழுதாரோ அது இன்று, பிள்ளை இப்போது வேண்டாம் என்று நினைக்கும் வேறு பெண்களின் கைக்கு வரக்கூடும். அவருடைய உடம்பை யாராவது எதிரி என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு தப்பு என்று படுகிறது. உடம்பு தனக்குத் தெரிந்த ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது. அவருக்கு அது வேண்டாத இடத்தில் நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு ஐ.யு.ஐ. தோற்றது, மூன்றாவதில் மகள் பிறந்தாள், 2015-இல். “ஆன்ட்டிபாடி போயிடுச்சு போல” என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். போயிற்றா என்று நான் திரும்பப் பார்க்கவேயில்லை. இப்போதும் என் ரத்தத்தில் அது இருக்கலாம். ஐ.யு.ஐ.-யில் விந்தணுவைக் கழுவி, கருப்பை வாயைத் தாண்டி நேராக உள்ளே விடுகிறார்கள். அதனால் முதல் டாக்டர் சொன்னதே உண்மையாக இருந்து, வாசலைத் தாண்டியதால்தான் பலித்ததோ என்ற சந்தேகம் எனக்கு அவ்வப்போது வரத்தான் செய்கிறது. அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் போயிருக்கும் வழி அதுதான். அந்தக் காகிதத்தால் எனக்குக் கிடைத்தது ஒரு பழி மட்டுமே.

சித்தப்பா மகளிடம் மறுநாள் காலையில் போனில் பேசினேன். கல்லணைக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் மூச்சு விட்டாள். “அப்ப மாமியார் கேட்டா என்னக்கா சொல்றது?” என்றாள். “காரணம் இன்னும் தெரியலைன்னு சொல்லு. அது பொய்யில்ல” என்றேன். “மாப்பிள்ளைக்கு என்னென்ன டெஸ்ட் எடுத்தாங்க?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாக, “அவருக்கு ஒண்ணும் எடுக்கலக்கா. எனக்கு வந்துடுச்சுல்ல, அதான் வேண்டாம்னுட்டாங்க” என்றாள். ஒன்றரை வருஷமாக வைத்தியம் நடக்கிறது, ஒரு செமன் அனாலிசிஸ்கூட எடுக்கவில்லை. போனை அவரிடம் கொடு என்றேன். நல்ல பையன், சங்கடப்பட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார். “யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லக்கா. சொல்லியிருந்தா போயிருப்பேன்” என்றார். அதை நம்புகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. “அவர் லேபுக்குப் போயிட்டு வந்துட்டாருக்கா. நானும் கூடப் போனேன்.”